டாங்கி மாடல்: டைகாஸ்ட் வாங்குவதா, கிட் கட்டுவதா?

பல நாட்டு டாங்கிகளை வரிசையாக அடுக்குவதுதான் ஆசை என்றால் 1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) டைகாஸ்ட், அதாவது தயாராக வரும் உலோக வார்ப்பு மாடல், போதும். அமெரிக்க ஷெர்மன் டாங்கி அதில் 8 செ.மீ.தான், நாமே ஒட்டிக் கட்டும் 1/35 பிளாஸ்டிக் கிட்டில் கிட்டத்தட்ட 17 செ.மீ., அலமாரி சீக்கிரம் நிரம்பிவிடும்.

கிட்டில் பலர் சறுக்குவது டிகால் (எண், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டும்போது. சொரசொரப்பான மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேல் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மினுங்கும். பெயின்ட் காய்ந்ததும் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ், ஒரு நாள் விட்டு டிகால், பிறகு வாஷ் (இடுக்குகளில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்), கடைசியில்தான் மேட் வார்னிஷ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மழை நாளில் ஸ்ப்ரே கேன் வேண்டவே வேண்டாம், வெண்படலம் படியும். சக்கரங்களின் ரப்பர் விளிம்புக்குப் பொருத்தும் முன்பே கறுப்பு அடித்துவிடுங்கள், பிறகு தூரிகை நுழையாது. சில மென்மையான வினைல் டிராக்குகள் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைகள்) நாளடைவில் பிளாஸ்டிக் சக்கரத்தையே உருக்கும். தொடும் இடமெல்லாம் பெயின்ட் இருக்கட்டும்.

டைகாஸ்ட் பொம்மைபோலப் பளபளக்கிறதா? மெல்லிய மேட் வார்னிஷ், காய்ந்தபின் இடுக்குகளில் மட்டும் அடர்பழுப்பு எனாமல் வாஷ். பாதி வேலையிலேயே ஆளே மாறிவிடும். வாஷின் தின்னர் ஆலைப் பெயின்ட்டைக் கரைக்கிறதா என்று முதலில் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.