மனிதவள உத்தி: வெற்றுத் தாளிலிருந்து எழுதுவது எப்படி?

ஆள் எடுப்பது, பயிற்சி, சம்பளம் எல்லாவற்றையும் தொழிலின் இலக்கோடு இணைக்கும் திட்டம்தான் மனிதவள உத்தி. அதை முதல்முறை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் பாலிசியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். அது அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை.

1. தொழில் எதனால் ஜெயிக்கிறது?
குறைந்த விலையா, தரமா, புதுமையா? மனிதவள ஆய்வாளர்கள் ஷூலர், ஜாக்சன் இருவரும் 1987-இல் பிரித்துக் காட்டிய மூன்று வழிகள் இவை. விலையில் போட்டியிடும் இடத்தில் வேலை வரையறை இறுக்கமாக, இலக்கு குறுகிய காலத்துக்கு இருக்கும். புதுமையை நம்பும் இடத்தில் அப்படிச் செய்தால் யாரும் புதிதாக எதையும் முயலமாட்டார்கள். முயன்று தோற்றால் அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) அடி விழும் என்று தெரியுமே!

2. தலைக்கணக்கு
இப்போது 120 பேர், ஆண்டு முடிவில் 150 பேர் தேவை என்று வைத்துக்கொள்வோம். 30 பேரை எடுத்தால் போதும் என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. ஆண்டுக்கு 15% பேர் விலகுகிறார்கள் என்றால், சராசரி 135 பேரில் சுமார் 20 பேர் போய்விடுவார்கள். ஆக எடுக்க வேண்டியது 50.

ஆள் கிடைக்க 2 மாதம், வேலை பழக 3 மாதம் என்றால், ஜூனில் கைகொடுக்க வேண்டியவருக்கு ஜனவரியிலேயே தேடத் தொடங்க வேண்டும். இந்த இடைவெளியை மறந்த திட்டங்கள்தான் கடைசியில் ஓவர்டைமில் ஓடுகின்றன.

3. சூழலைப் பாருங்கள்
தொழிலாளர் சட்டம், தொழிற்சங்கம், அந்தத் திறமைக்குச் சந்தையில் உள்ள தட்டுப்பாடு, நிறுவனத்தின் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காத திறமை என்றால் உள்ளேயே பயிற்றுவிப்பதுதான் வழி. 20 பேர் உள்ள இடத்துக்குப் பத்து கிரேடு சம்பள அட்டவணை வீண்வேலை.

4. பணம் எதற்குப் போகிறது?
இதை அவசரப்படாமல் பாருங்கள். வாடிக்கையாளர் திருப்திதான் முக்கியம் என்று எழுதிவிட்டு, கால் சென்டரில் ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு முடித்தார் என்பதற்கு இன்சென்டிவ் கொடுத்தால், ஊழியர் பிரச்சினை தீருமுன்பே போனை வைத்துவிடுவார். அதே வாடிக்கையாளர் மறுபடி அழைப்பார். கணக்கில் அது இன்னொரு 'முடிந்த அழைப்பு'. ஊழியர்மேல் குற்றமில்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தார்.

5. அளவிடுங்கள்
விலகல் விகிதம் = விலகியவர்கள் ÷ சராசரி ஆள் எண்ணிக்கை × 100. மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. முதல் 90 நாளில் போனவர்களைத் தனியாக எண்ணுங்கள். அது அதிகமென்றால் முதலில் தோண்ட வேண்டியது நேர்காணலில் என்ன சொல்லி ஆள் எடுத்தீர்கள் என்பதையும், முதல் வாரம் யார் வேலை சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் போகிறவர்களிடம் சம்பளத்தையும் பதவி உயர்வையும் பற்றிக் கேளுங்கள்.