தெருவுக்கு வாரம் ஒரு தாள்: புதிதாக எழுத வருகிறவர்களுக்கு

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவுக்காக வாரம் ஒரு தாள் எழுதுகிறேன். ஏ4, ஒரே பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் எடுத்தால் தட்டுவடை செட் கடை, டீக்கடை, ரேஷன் கடை என்று நாற்பது பிரதி போகும். மூன்றாவது வருடம் ஓடுகிறது. "எங்க ஏரியாவுக்கும் ஒண்ணு ஆரம்பிக்கணும், எப்படிங்க?" என்று கிச்சிப்பாளையத்திலிருந்து ஒருவரும் ஏற்காட்டிலிருந்து ஒருவரும் கேட்டார்கள். அவர்களுக்காக இது. கட்டுரை எழுதுவது எப்படி என்பதெல்லாம் இதில் இல்லை, அது உங்களுக்கே தெரியும்.

படி 1: முதலில் கிழமை, பிறகுதான் விஷயம்

எந்தக் கிழமை என்று முடிவு செய்துவிட்டு அதை மாற்றாதீர்கள். முதல் வருடம் ஆடிப் பண்டிகை கொண்டாட்டத்தில் இரண்டு வாரம் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் போனால், செட் கடையில் என் தாள் மாட்டும் ஆணியில் யாருடைய கரண்ட் பில்லோ தொங்குகிறது. "நின்னு போச்சுன்னு நெனச்சோம்" என்றார் கடைக்காரர். அந்த ஆணியைத் திரும்பப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. இப்போது ஆனி மாதமே இரண்டு தாளை எழுதிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

படி 2: ஆறாவது வாரம்

முதல் ஐந்து வாரத்துக்கு எல்லோரிடமும் சரக்கு இருக்கும். ஆறாவது வாரம் எனக்குக் கை நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் எங்கள் ஊர் சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றி எழுதினேன்: 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கியது, 1956-ல் தமிழின் முதல் முழு வண்ணப் படம் எடுத்தது, ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிற வளைவு. பிழை ஒன்றும் இல்லை. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. சேலத்துக்காரருக்குத் தெரியாததா இது? அடுத்த வாரம் எங்கள் தெரு அடிபம்பு எந்த வருடம் காய்ந்தது என்று நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் நாலு வருடம் சொன்னார்கள். நாலையும் அப்படியே போட்டேன். சனிக்கிழமை காலை செட் கடை வாசலில் பஞ்சாயத்தே நடந்தது.

தறி வீட்டுப் பழக்கம் ஒன்றும் கைகொடுக்கிறது. பழைய பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், முடியும்போது அதன் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைப்பார்கள். நுனியை விடாமல் அறுத்துவிட்டால் அத்தனை இழையையும் தறியின் விழுதுக் கண்களிலும் அச்சுப் பல்லிலும் முதலிலிருந்து கோக்க வேண்டும். நானும் இந்த வாரத் தாளை முடித்ததும் அடுத்த வாரத்தின் முதல் இரண்டு வரியை எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

படி 3: பெயர்

நான் நன்றாக விழுந்து எழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தவறிப்போனார். ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். துக்க வீட்டில் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதினேன். படித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது எடப்பாடியில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் அந்தத் தாளோடு வந்தார். நாலாக மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. "தம்பிங்க பேரெல்லாம் இருக்கு. எம் பேரு எங்க கண்ணு?" கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

அடுத்த வாரம் முழுப் பக்கத்தையும் திருத்தி மறுபடி போட்டேன். அன்றிலிருந்து இதுதான் முறை. வீட்டுக்கே நேரில் போவது. பெயர்களை அவர்கள் கண்ணெதிரே பேனாவால் எழுதுவது. சத்தமாகப் படித்துக் காட்டுவது. "வெளியூர்ல கட்டிக்குடுத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று தனியாகக் கேட்பது. இனிஷியலில் செ-வா சி-யா என்று காதை நம்பாதீர்கள், அப்பா பெயரையே முழுதாகக் கேளுங்கள். ரேஷன் கார்டுப் பெயரோடு தெருவில் கூப்பிடும் பெயரையும் போடுங்கள். ரேஷன் கார்டில் இருப்பவரைத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

படி 4: தட்டச்சும் அச்சும்

தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை தானாக ஓடும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் ர-வும் ற-வும் அங்கேதான் இடம் மாறுகின்றன. போனில் பேசி எழுதவைப்பது அவசரத்துக்குச் சரி. எனக்கு அது ஒருமுறை 'பாவு' என்பதைப் 'பாவம்' ஆக்கிக் கொடுத்தது.

யூனிகோடில் அடித்ததை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் பக்கம் வடிவமைக்கிற பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் இருந்தால் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள், தொல்லை முடிந்தது. எழுத்துரு முக்த மலர், அளவு 13. பன்னிரண்டில் போட்டால் பெரியவர்கள் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பிறகு சேர்த்தது: ஏற்காட்டு நண்பர் மூன்று வாரம் நடத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார், அவர் ஊரில் எஸ்டேட்டுக்குப் போகிற பெரியவர்களில் பலருக்குப் படிக்க வராதாம். அவரே டீக்கடையில் நின்று சத்தமாகப் படித்திருக்கிறார், நடுவில் மூச்சு முட்டியிருக்கிறது. ஒரு மூச்சுக்குள் முடியாத வரியை இரண்டாக வெட்டச் சொன்னேன். இப்போது நானும் வியாழன் ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் பிடிஎஃப் ஆக்குகிறேன். அம்மா கொட்டாவி விட்ட வரி அங்கேயே அடிபடும்.

இன்னொன்று: "இதனால உங்களுக்கு என்ன வருது?" என்று கிச்சிப்பாளையத்துக்காரர் கேட்டார். காசு வராது. ஜெராக்ஸ் செலவே என் கையிலிருந்துதான் போகிறது. செட் கடையில் மட்டும் வெள்ளிக்கிழமை ஒரு செட்டுக்குக் காசு வாங்க மாட்டார். அப்புறம், புதன்கிழமை ராத்திரி எடப்பாடியிலிருந்து அந்த அக்கா போன் செய்வார். அப்பா நெய்த காலத்துத் தெருவைப் பற்றி ஏதாவது ஞாபகம் வந்திருக்கும். போன வாரம் சொன்னது, இப்போது செல்போன் கடை இருக்கிற இடத்தில் முன்பு சாயப் பட்டறை இருந்ததாம், மழை பெய்தால் தெருச் சாக்கடை சிவப்பாக ஓடுமாம். அடுத்த தாளின் முதல் இரண்டு வரி அதுதான்.