நாயகனுக்கு எல்லாம் சும்மா கிடைத்துவிடுகிறதா? அனிமேஷன் தொடர் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமேஷன் தொடருக்கு முதன்முறையாகக் கதை எழுதுகிறவர்களின் ஸ்கிரிப்டில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. நாயகன் ஜெயிக்கிறான், பார்க்கிறவருக்கு மனசில் ஒன்றும் ஆவதில்லை. "ரொம்ப ஈஸியா ஜெயிச்சிடறானே" என்று யாராவது சொன்னால், அடுத்த வரைவில் வில்லனுக்கு இரண்டு கை கூடுதலாக முளைத்திருக்கும். குறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வில்லனைப் பலசாலியாக்கு, நாயகனுக்கு ஒரு பலவீனம் வை என்கிற பாலபாடங்களை இங்கே தொடப்போவதில்லை. உதாரணங்கள் பெரும்பாலும் ஒரே உலகத்தில் நடக்கும் இரண்டு தொடர்களிலிருந்து: 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' (2005–2008, 61 எபிசோடுகள்), அதன் தொடர்ச்சியான 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' (2012–2014, 52 எபிசோடுகள்). ஒரே படைப்பாளிகள் இந்தத் தவறைச் செய்ததும், பிறகு தாங்களே சரிசெய்ததும் இவற்றில் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கிறது. இந்தத் தொடர்களின் முடிவுகள் எல்லாம் இங்கே வெளிப்பட்டுவிடும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

அடி வாங்கினால் விலை கொடுத்தாயிற்று என்று நினைப்பது

சுவரில் மோதி, உதடு கிழிந்து, மூன்றாவது தடவை எழுந்து நின்று ஜெயித்தாலும் அது சுலபமான வெற்றியாக இருக்கலாம். எழுந்த பிறகு அவனிடம் என்ன குறைந்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்த இரண்டு நிமிடச் சண்டை வெறும் தாமதம்.

2015-இல் வந்த 'ஒன்-பஞ்ச் மேன்' இதை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டுகிறது. சைதாமா எவரையும் ஒரே குத்தில் முடித்துவிடுவான். தினமும் 100 தண்டால், 100 சிட்-அப், 100 பஸ்கி, 10 கிலோமீட்டர் ஓட்டம், இதுதான் அவனுடைய ரகசியம் என்பதே ஒரு கேலி. சண்டையில் அவனுக்குச் செலவே கிடையாது. ஆனால் ஆழ்கடல் அரசனுடனான சண்டை முடிந்ததும் என்ன நடக்கிறது பாருங்கள். மற்ற ஹீரோக்கள் உயிரைப் பணயம் வைத்துத் தாக்குப்பிடித்துத் தோற்றிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவன் அவர்களை ஏளனம் செய்கிறான். உடனே சைதாமா, இவர்கள் அதை அடித்து ஓய்த்து வைத்திருந்ததால்தான் தன்னால் முடிக்க முடிந்தது என்று சொல்லி, தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்கிறான். குத்துக்கு ஒரு நொடி. கொடுத்த விலை மரியாதை. அடி வாங்காமலே விலை கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது.

கெட்டிக்காரனை மக்காக நடிக்க வைப்பது

நாயகன் பிறவித் திறமைசாலி என்று முதல் எபிசோடில் சொல்லிவிட்டு, மூன்றாவதில் கஷ்டம் காட்ட வேண்டுமே என்பதற்காக அவனைத் தடுமாற வைப்பார்கள். பார்க்கிற பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். திறமை இருந்தால் இருக்கட்டும், அந்தத் திறமையே யாரையாவது உறுத்தட்டும்.

நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றை வசப்படுத்துவதை 'லாஸ்ட் ஏர்பெண்டர்' உலகத்தில் பெண்டிங் என்கிறார்கள். நான்கையும் கையாளக்கூடிய ஒரே ஒருவர்தான் அவதார்: முதல் தொடரில் ஆங், அடுத்ததில் அவன் மறுபிறவியான கோரா. முதல் சீசனில் ஒரு சுருள் கிடைக்கிறது, அதில் நீர் வித்தைகள் இருக்கின்றன. ஆங் பார்த்தவுடன் செய்துவிடுகிறான். சின்ன வயதிலிருந்து தனியாக முட்டி மோதிக் கற்றுக்கொண்டிருக்கும் அவன் தோழி கடாராவுக்கு அது வரவில்லை. அவள் எரிந்து விழுகிறாள், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் சுருளை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போகிறாள், எதிரிகளிடம் மாட்டிக்கொள்கிறாள். கதையை நகர்த்தியது ஆங்கின் சுலபமான வெற்றிதான்.

அதே பையன் இரண்டாவது சீசனில் ஒரு பாறையை நகர்த்த முடியாமல் நிற்கிறான். அங்கே ஆசிரியர்கள் அவன் திறமையைக் குறைக்கவில்லை, அவன் குணத்தைத் தடையாக வைத்தார்கள். காற்று வித்தைக்காரன் எதிர்ப்பு வந்தால் விலகி வேறு வழி தேடுவான். நிலத்துக்கோ நேருக்கு நேர் காலூன்றி நிற்க வேண்டும். எது அவனுக்கு நன்றாக வருமோ அதுவே இங்கே குறுக்கே நிற்கிறது.

பயிற்சியை ஒரே பாட்டில் முடிப்பது

பாட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முடியும்போது அவனுக்கு இன்னும் வந்திருக்கக் கூடாது.

பறித்ததை அதே மூச்சில் திருப்பிக் கொடுப்பது

மற்ற தவறுகளை ஒரு காட்சியைத் திருத்திச் சரிசெய்துவிடலாம். இது அப்படியில்லை. பின்னால் வரப்போகிற எல்லா ஆபத்துகளின் மதிப்பையும் இது சேர்த்துத் தின்றுவிடும். ஒரு தடவை சும்மா திருப்பிக் கொடுத்த தொடரில், அடுத்து எதைப் பறித்தாலும் பார்க்கிறவர் பதற மாட்டார்.

கோராவின் முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையாக அறிமுகமாகும்போதே நீர், நிலம், நெருப்பு மூன்றையும் கையாள்கிறாள். காற்று மட்டும் வரவில்லை. எதிரி ஆமோனுக்குப் பிறருடைய பெண்டிங் சக்தியையே பறிக்கும் திறன். பயத்துக்கு இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது, ஏனென்றால் கோராவுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தச் சக்தி ஒன்றுதான். பத்தாவது எபிசோடில், நகரத்தின் முன்னாள் காவல் தலைவி லின் பேஃபாங் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கோரா இருக்கும் இடத்தைச் சொன்னால் தப்பிக்கலாம். சொல்லாமல் தன் வித்தையை இழக்கிறாள். அந்த சீசனின் உச்சம் அதுதான்.

கடைசி எபிசோடில் கோராவும் இழக்கிறாள். தோழன் மாக்கோவைக் காப்பாற்ற வேண்டிய நொடியில் காற்று வித்தை திறந்துகொள்கிறது. சரி, அதுவரை ஒத்துக்கொள்ளலாம். பிறகு தென்துருவத்துக்குப் போகிறார்கள். தன்னால் குணப்படுத்த முடியவில்லை என்று வயதான கடாராவே கைவிரிக்கிறாள். கோரா பனிப்பாறை விளிம்பில் உட்கார்ந்து அழுகிறாள். அழுத கண்ணீர் காய்வதற்குள் ஆங்கின் உருவம் தோன்றி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதோடும் நிற்கவில்லை. கோரா போய் லின்னின் வித்தையையும் மீட்டுக் கொடுக்கிறாள். பத்தாவது எபிசோடில் லின் கொடுத்த விலையும் அங்கே ரத்தாகிறது. இவ்வளவும் கடைசிச் சில நிமிடங்களுக்குள். தபசு மரம் ஏறாமலே பாசுபதம் கைக்கு வந்த கதை.

காரணம் இல்லாமல் இல்லை. முதலில் அது 12 எபிசோடு கொண்ட ஒரே தொகுப்பாகத்தான் திட்டமிடப்பட்டது. அடுத்த சீசன் உண்டா என்று தெரியாதபோது எல்லாக் கதவையும் சாத்திவிட்டுப் போகத்தான் கை போகும். புதிதாக எழுதுகிறவர்களும் இதே சாக்கைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சீசன் ஒன்றுதான் என்றாலும் வழி இருந்தது. அதை வரிசையாகச் சொல்லலாம்.

முதலில், பறிக்கும் இடத்தை முன்னால் தள்ளுங்கள். 12 எபிசோடு என்றால் 8 அல்லது 9-இல் இழப்பு நடக்க வேண்டும், 12-இல் அல்ல. 'லாஸ்ட் ஏர்பெண்டர்' மூன்றாவது சீசனில் 21 எபிசோடுகள். நெருப்பு வித்தைக்காரர்கள் சக்தியிழக்கும் சூரிய கிரகணத்தின் 8 நிமிடங்களை நம்பிப் போட்ட பெரும் படையெடுப்பு 10, 11-ஆவது எபிசோடுகளில் தோற்கிறது, பெரியவர்கள் சரணடைகிறார்கள். அந்தத் தோல்வி ஊறுவதற்கு இன்னும் 10 எபிசோடுகள் இருந்தன. தன் திட்டம் தோற்ற குற்றவுணர்வில் கடாராவின் அண்ணன் சாக்கா, அப்பாவை மீட்கச் சிறைக்கே போகும் கதை அதிலிருந்துதான் பிறக்கிறது.

அடுத்து, பறித்ததற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் நடுவில், அந்த இழப்பு இல்லாவிட்டால் நடந்தே இருக்காத மூன்று காட்சிகளாவது வையுங்கள். ஒன்று, தினசரிச் சின்ன வேலை ஒன்று முடியாமல் போவது. இரண்டு, நெருங்கியவர் ஒருவர் பழகும் விதம் மாறுவது. மூன்று, முன்பு செய்திருக்கவே மாட்டாத ஒரு முடிவை நாயகன் எடுப்பது. மூன்றும் எழுத வரவில்லை என்றால் நீங்கள் பறித்தது அவனுக்குத் தேவையான பொருளே இல்லை. வேறொன்றைப் பறியுங்கள்.

கடைசியாக, திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தவணையில் கொடுங்கள், ஏதாவது ஒரு தவணையை நிரந்தரமாக நிறுத்திவையுங்கள். லின்னுக்கு மட்டும் வித்தை திரும்பாமலே போயிருந்தால்? கோரா சிரிக்கும் அதே சட்டகத்தில் லின் நிற்பாள். வசனம் ஒன்றும் வேண்டாம்.

இதே குழு பின்னால் கணக்கைத் தீர்த்தது. இரண்டாவது சீசன் முடிவில் முந்தைய அவதார்களுடனான தொடர்பு அறுகிறது. அது திரும்பவே இல்லை. மூன்றாவது சீசன் முடிவில் கோராவின் உடம்பில் பாதரச நஞ்சு ஏறுகிறது. காற்று வித்தைக்காரச் சிறுமி ஒருத்தி தேர்ச்சி பெற்றதைக் கொண்டாடும் விழாவில் அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கன்னத்தில் ஒரு துளி கண்ணீர், சீசன் முடிந்தது. நான்காவது சீசனின் இரண்டாவது எபிசோடு, அவள் தேறிவர எடுத்துக்கொண்ட மூன்று ஆண்டுகளைக் காட்டுகிறது. மேலே சொன்ன மூன்று காட்சிகளையும் அதில் எண்ணிப் பார்க்கலாம். நடக்கவே மறுபடியும் கற்றுக்கொள்கிறாள். நண்பர்களின் கடிதங்களில் அசாமிக்கு மட்டும் பதில் எழுதுகிறாள். வீட்டில் ஓர் ஊரைச் சொல்லிக் கிளம்பி, யாருக்கும் தெரியாமல் வேறு பக்கம் திரும்பி, முகம் தெரியாத ஊரில் காசுச் சண்டையில் இறங்கித் தோற்கிறாள். உடம்பில் மிச்சமிருந்த பாதரசத்தை வெளியே எடுக்க நான்காவது எபிசோடு ஆகிறது, அதையும் அவளே செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கப்புறமும் பழைய கோரா உடனே திரும்பி வந்துவிடுவதில்லை.

விதைக்காமல் அறுப்பது

முன்னால் ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், கடைசியில் வரும் உதவி நியாயமாகிவிடும் என்பது பாதி உண்மை. 'லாஸ்ட் ஏர்பெண்டர்' இறுதியில் சிங்க ஆமை ஒன்று ஆங்குக்குப் புது வித்தையைத் தருகிறது. எதிரியைக் கொல்லாமலே அவன் சக்தியைப் பறிக்கும் வித்தை. இரண்டாவது சீசனில் நூலகக் காட்சியில் சிங்க ஆமையின் படத்தை ஆங் பார்த்து ஒரு வார்த்தை சொல்வான். ஆக, உருவத்தை விதைத்தார்கள். அது என்ன செய்யும் என்பதை விதைக்கவில்லை. பொருள் ஒருமுறையும், அதன் பயன் இன்னொருமுறையும் முன்பே தெரிய வேண்டும். அந்தப் பயன் நாயகன் அல்லாத ஒருவர் மூலம் தெரிந்தால் இன்னும் நல்லது.

அந்த முடிவு ஓரளவுக்குத் தாங்கி நிற்பதற்கு வேறு காரணம் உண்டு. கொல்வதா வேண்டாமா என்று ஆங் முந்தைய அவதார்கள் நால்வரிடம் கேட்கிறான். எவரும் அவன் விரும்பிய பதிலைச் சொல்லவில்லை. கேள்வியில் அவ்வளவு உழைப்பு போட்டதால்தான் விடை கொஞ்சம் மலிவாக வந்தும் மன்னிக்க முடிகிறது. அதே சண்டையில் ஆங்கின் முதுகுத் தழும்பில் பாறை முனை குத்தியவுடன், இழந்திருந்த அவதார் நிலை (முந்தைய அவதார்களின் சக்தி ஒன்றுசேரும் நிலை) திரும்புவதற்கு அந்தச் சமாதானம்கூட இல்லை.

லட்டு

2008 முதல் ஓடும் 'சோட்டா பீம்' தொடரில் லட்டைத் தின்றால் பீமுக்குப் பலம் வரும். இதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. எபிசோடுக்கு எபிசோடு கதை முடிகிற குழந்தைத் தொடரில், ஐந்து வயதுப் பிள்ளை லட்டு வரும் நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறது. தவறு, தொடர்கதையாகப் போகும் சீரிஸில் அதே உத்தியை இறக்குவது. இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பிரச்சினையை லட்டுக்கு முன்னால் கொண்டுபோங்கள். லட்டு ஒன்றே ஒன்று இருக்கிறது, அது வேறொருவருக்கும் வேண்டும்.

கூட இருப்பவர்களை மந்தமாக்குவது

நாயகன் சொன்னதும் மற்ற நால்வரும் "அட, ஆமாம்ல!" என்றால் அந்த வசனத்தை அடித்துவிட்டு, நால்வரில் ஒருவர் அதை முன்பே சொல்லியிருந்ததாக மாற்றுங்கள்.

காயத்தை மாடல் ஷீட்டில் சேர்க்க மறப்பது

எழுத்தில் இருக்கும் விலை திரையில் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். கை உடைந்த நாயகனுக்குத் தனி வடிவமைப்பு (மாடல் ஷீட்) வேண்டும், உடலைப் பாகம் பாகமாகப் பிரித்து அசைக்கும் கட்-அவுட் முறை என்றால் தனி ரிக் (அசைப்பதற்கான பொம்மைச் சட்டகம்) வேண்டும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அடுத்த எபிசோடில் பழைய ரிக்கைத்தான் எடுப்பார்கள், கை தானாகக் கூடிவிடும். சீசன் தொடங்கும்போதே எந்த அடையாளம் எந்த எபிசோடிலிருந்து எதுவரை என்று பட்டியல் கொடுத்துவிடுங்கள். தழும்பு மலிவு. முடி, உடை மாற்றம் நடுத்தரம். நொண்டி நடப்பது விலை அதிகம், நடையையே புதிதாக அனிமேட் செய்ய வேண்டும். மூன்றாவது சீசனில் ஆங் கண்விழிக்கும்போது அவன் மொட்டைத் தலையில் முடி வளர்ந்திருக்கும், படையெடுப்பு நாள்வரை அப்படியே இருப்பான். மயங்கிக் கிடந்த வாரங்களை வசனமில்லாமல் அது சொல்லிவிடுகிறது.

அனிமேட்டிக்கில் தோல்வியை வெட்டுவது

22 நிமிடத்துக்கு எழுதிய எபிசோடு, ஸ்டோரிபோர்டு படங்களை நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக்கில் 24 நிமிடமாக வந்து நிற்கும். எதை வெட்டலாம் என்று தேடும்போது முதலில் கண்ணில் படுவது, நாயகன் முயன்று தோற்கும் காட்சிதான். அதை எடுத்துவிட்டாலும் கதை புரியும், ஆகவே எடிட்டர் மேல் தப்பில்லை. சுலபமாக ஜெயித்ததாகத் தோன்றும் பல எபிசோடுகள் எழுதும்போது அப்படி இருந்ததே இல்லை.

இதற்கு இரண்டு வேலை செய்யலாம். தோல்விக் காட்சியில் பின்னால் தேவைப்படும் ஒரு தகவலை ஒட்டிவையுங்கள், அப்போது அதை வெட்ட முடியாது. கூடவே, அந்தக் காட்சியின் குறுகிய வடிவம் ஒன்றையும் தயாராக வைத்திருங்கள்: முயற்சி, சறுக்கல், பார்க்கிறவர் முகம் என்று மூன்று ஷாட், மொத்தம் 12 வினாடி. நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 288 ஃபிரேம், இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் வரைந்தால் 144 படங்கள். மூன்றாவது ஷாட்டில் முகம் அசையாமல் நின்றால் அதிலும் ஒரு பகுதி மிச்சமாகும்.