'ஆறு மடங்கு ஆபத்து' என்று செய்தி வந்தால் எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது?

என் தம்பிக்கு 43 வயது. கல்யாணமே தாமதம், இப்போதுதான் அவன் மனைவிக்கு ஐந்தாம் மாதம். போன வாரம் விடிந்தும் விடியாமலும் வாட்ஸப்பில் ஒரு செய்தித் துணுக்கு அனுப்பியிருந்தான். நாற்பதைத் தாண்டிய அப்பாக்களின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் (பேசுவதிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் வித்தியாசம் காட்டும் மூளை வளர்ச்சி நிலை) வர ஆறு மடங்கு வாய்ப்பாம். கீழே, "அக்கா, இது நிஜமா?"

நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் பள்ளியில் கணக்கு நடத்தியவள். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டு, படம் எடுத்து அவனுக்கு அனுப்பிய கணக்குதான் இது.

'மடங்கு' என்று பார்த்ததும் முதலில் "எத்தனை பேரில்?" என்று கேளுங்கள். இந்த ஆறு மடங்கின் ஊற்று 2006-ல் வெளியான இஸ்ரேல் ஆய்வு. 1980-களில் பிறந்து, ராணுவச் சேர்க்கைக்காகப் பரிசோதிக்கப்பட்டவர்களின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். முப்பதுக்குக் குறைந்த அப்பாக்களோடு ஒப்பிட்டால், நாற்பதைத் தாண்டியவர்களின் பிள்ளைகளுக்கு 5.75 மடங்கு. பகீரென்கிறது, இல்லையா? ஆனால் 1 லட்சத்து 32 ஆயிரம் பேரில் ஆட்டிசம் என்று பதிவானவர்கள் மொத்தமே 110 பேர். 10,000-க்கு எட்டுப் பேர் சொச்சம். அந்த 110 பேரை அப்பா வயதுப்படி பிரித்தால் நாற்பதுக்கு மேற்பட்ட கட்டத்தில் விழுபவர்கள் கொஞ்சம் பேர்தான். அங்கே நாலு பேர் கூடினாலும் குறைந்தாலும் மடங்கு தாறுமாறாக ஆடும்.

அடுத்து, இதைவிடப் பெரிய ஆய்வு இருக்கிறதா என்று தேடுங்கள். 2016-ல் ஒன்று வந்தது. டென்மார்க், இஸ்ரேல், நார்வே, ஸ்வீடன், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் 57 லட்சம் குழந்தைகள்; அவர்களில் 30,000-க்கு மேற்பட்டோருக்கு ஆட்டிசம். இங்கே ஆறு மடங்கைக் காணோம். இருபதுகளில் உள்ள அப்பாக்களைவிட நாற்பதுகளில் உள்ளவர்களுக்கு 28 சதவீதம் கூடுதல், ஐம்பதைத் தாண்டினால் 66. அம்மா நாற்பதுகளில் இருந்தால் 15. பதின்வயது அம்மாக்களுக்கும் 18 சதவீதம் கூடுதல்; இதை எந்தத் தலைப்பிலும் நான் பார்த்ததில்லை.

சரி, சதவீதத்தையும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள். 28 சதவீதம் கூடுதல் என்றால் நூற்றில் 28 பிள்ளைகளுக்கு என்று எழுதும் மாணவர்களை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். தம்பியும் அப்படித்தான் நினைத்துக் கலங்கியிருந்தான். ஆட்களாக மாற்றிப் பாருங்கள். இளம் அப்பாக்களின் 1,000 பிள்ளைகளில் 10 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்து நான் கணக்குக்காக எடுத்தது. பத்தில் 28 சதவீதம் 2.8. கூட்டினால் 12.8, அதாவது 13 பேர். மீதி 987.

காரணம் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். விந்தணுக்கள் ஆயுசு முழுக்க உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தடவை செல் பிரியும்போதும் எழுத்துப் பிழை மாதிரி மரபணு மாற்றம் புக வாய்ப்பிருக்கிறது. 2012-ல் ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களின் மரபணுவைப் படித்தார்கள். அப்பாவுக்கு ஒரு வயது கூடினால் பிள்ளையிடம் சுமார் இரண்டு புது மாற்றங்கள் கூடியிருந்தன. 20 வயது அப்பாவிடமிருந்து 25 என்றால், 40 வயது அப்பாவிடமிருந்து 65. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. அதோடு, மற்றவர்களோடு பழகச் சிரமப்படும் குணத்தால் தாமதமாகக் கல்யாணம் செய்தவரிடமிருந்து, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள அந்தக் குணமே பரம்பரையாகப் பிள்ளைக்கு வந்திருக்கலாம். அப்போது வயது வெறும் அடையாளம்தான். இதைத் தனியாகப் பிரித்தெடுப்பது ஆய்வாளர்களுக்கே பெரும்பாடு.

"சரிக்கா, இப்போ நான் என்ன செய்யணும்?" என்றான். கர்ப்ப காலத்தில் இதற்காகத் தனியாக ஒன்றும் வேண்டாம். பிள்ளை ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் காக்காயையோ நிலாவையோ விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால், 'எங்க வீட்டுப் பிள்ளையும் லேட்டாத்தான் பேசுச்சு' என்பவர்களை நம்பி உட்காராமல் குழந்தை மருத்துவரிடம் போ என்றேன். 25 வயது அப்பாவாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதையும் தாளின் ஓரத்தில் எழுதி இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன்.