ரப்பர் தோட்டத்தில் ஒளிந்த டச்சுச் சிப்பாய்: பள்ளிக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறுகதை எழுதச் சொன்னதும் நடக்கும் முதல் தவறு, அந்த வேலையை அப்படியே தமிழாசிரியர் தலையில் கட்டிவிடுவது. அவர் சந்திப்பிழையை வட்டமிட்டு, பத்துக்கு ஏழு போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வரலாறு, அறிவியல், கணக்கு ஆசிரியர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவர்களுடைய பாடத்தில்தான் கதை அதிகமாகச் சறுக்கியிருக்கும்.

குளச்சல் போரையே எடுத்துக்கொள்வோம். வரலாற்றுக் கதை என்றால் குமரி மாவட்டத்துப் பிள்ளைக்கு உடனே கைக்கு வருவது அதுதான். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். அவர்களில் பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, கடைசியில் உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நோட்டைப் புரட்டினால், தப்பியோடும் டச்சுச் சிப்பாய் ரப்பர் தோட்டத்துக்குள் ஒளிந்திருப்பான். பிரேசிலிலிருந்து ரப்பர் விதை லண்டனுக்குப் போனதே 1876இல்தான். நம்மூரில் தோட்டம் வந்தது அதற்கும் பிறகு. அங்கே ஒரு கிழவி அவனுக்கு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவித்துக் கொடுப்பாள். அதுவும் தென் அமெரிக்கக் கிழங்கு. திருவிதாங்கூரில் சாதாரண மக்களின் உணவாக அது பரவியது 19ஆம் நூற்றாண்டில், மன்னர் விசாகம் திருநாளின் முயற்சியால்.

இந்த இடத்தில் சிவப்பு மையால் அடித்துவிடுவது இரண்டாவது தவறு. அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை பேசாமல் பேய்க்கதை எழுதும். “அப்போ அவன் எங்க ஒளிஞ்சிருப்பான் மக்ளே?” என்று கேட்டுப் பாருங்கள். பனங்காட்டையும் தென்னந்தோப்பையும் அதுவே தேடிக்கொண்டு வரும். வீட்டில் சாப்பிடுவதில் எதெல்லாம் கப்பலேறி வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும்.

பிள்ளைகளின் கதைகளில் வானமும் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளும். “நள்ளிரவில் கிழக்கே முழுநிலா எழுந்தது” என்று ஒரு வரி இல்லாத காதல் கதை அபூர்வம். பவுர்ணமி நிலா சூரியன் மறையும் பொழுதிலேயே எழுந்துவிடும். சித்ரா பவுர்ணமியன்று கன்னியாகுமரியில் அவ்வளவு கூட்டம் கூடுவதே அந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கத்தானே! தேங்காப்பட்டணத்துக் கடலுக்குள்ளிருந்து சூரியனை உதிக்க வைப்பதும் இதே ரகம். அந்தக் கரை தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. மீனவர் கதையில் இன்னும் கவனம் வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை குமரி மாவட்டத்தின் கிழக்குக் கரையிலுள்ள சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதே மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலிலும் முட்டத்திலும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போவதாக எழுதினால், எந்த ஊர் அப்பா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கணக்கில் பெரும்பாலும் ஒரு கழித்தல் போதும். 2024இல் நடக்கும் கதையில் 65 வயது ஆச்சி, 1954 ஆகஸ்டில் குமரியைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை நேரில் பார்த்ததாகச் சொல்வார். ஆச்சி பிறந்ததே 1959இல்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. எல்லாப் பாடமும் வர வேண்டும் என்ற ஆசையில் பாடத்தையே கதைக்குள் திணிப்பது. ‘நீர்ச்சுழற்சி பற்றிக் கதை எழுதுக’ என்றால் “நான்தான் மழைத்துளி பேசுகிறேன்” என்றுதான் வரும். அதைப் படிக்கிற ஆசிரியர் பாவம்.

உண்மையில் பாடம் வேறு வழியாக ஏற்கெனவே பிள்ளையின் வீட்டுக்குள் இருக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அப்பா விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். பட்டையில் சரிவாகக் கீறியதும் பால் அந்தச் சால் வழியே இறங்கிச் சிரட்டையில் சொட்டும். குளிர்ந்த வேளையில் மரத்தின் பால்குழாய்களுக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பார்கள். வேதியியல் புத்தகத்தில் மெத்தனாயிக் அமிலம் என்று வருவதும் அந்த ஃபார்மிக் ஆசிட்தான். அந்த நாற்றத்தில் வளர்ந்த பையன் அதை விட்டுவிட்டுச் சென்னை ஐடி கம்பெனியில் நடக்கும் கொலையை எழுதுகிறான். இதெல்லாம் கதையாகுமா என்ற தயக்கம்தான் காரணம். ஆகும் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அப்பாவிடம் போய் நூறு கேள்வி கேட்பான்.

முடிவில் நீதி எங்கே என்று கேட்பதையும் விட்டுவிடலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் முதல் படிக்குப் போடாதீர்கள். எண்ணைப் பார்த்துவிட்டால் நோட்டை மூடிவிடுவார்கள். முதல் படி ஆசிரியர் அறையில் ஒரு வாரம் சுற்றட்டும். ஒவ்வொருவரும் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதட்டும். திருத்தி எழுதிய படிக்கு அதன்பிறகு மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம்.