டி.ஏ. பயிற்சியும் வேலைதான், அதற்கும் கணக்கு உண்டு

ஜூலை பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ பிஎச்.டி. படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் எனக்கு அழைக்க ஆரம்பித்துவிடுவார்கள். டி.ஏ. என்றால் டீச்சிங் அசிஸ்டென்ட், பேராசிரியருக்குப் பாடம் எடுக்கவும் பேப்பர் திருத்தவும் உதவி, படித்துக்கொண்டே சம்பளம் வாங்கும் வேலை. "அக்கா, அட்மிஷன் கிடைச்சிட்டு, டி.ஏ.வும் குடுத்திருக்காங்க, கிளாஸ் தொடங்க ஒரு வாரம் முந்தியே பயிற்சிக்கு வரச் சொல்லுதாங்க, கண்டிப்பா போணுமா?" போகணும். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் அந்தப் பயிற்சிக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போகணும்.

எனக்கு ஊர் முக்கூடல். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தாள். கடையில் இலையும் தூளும் வாங்கும்போது பாஸ்புக்கில் ஏறும், சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது எண்ணிக்கை ஏறும், கழித்துப் போட்ட பீடியும் ஏறும். ஒருநாள் எழுதாமல் விட்டால் அன்றைய உழைப்பைக் கேட்க நாதியில்லை. இதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அமெரிக்காவில் பிஎச்.டி. சேர்ந்த முதல் வருடம் என் நேரத்தை எங்கேயும் எழுதவில்லை. இரண்டு நாள் பயிற்சி, வாராவாரம் திங்கட்கிழமைக் கூட்டம், ஆன்லைனில் நாலைந்து பாதுகாப்புப் பாடங்கள், எல்லாம் "நாம கத்துக்கிறதுதானே" என்று விட்டுவிட்டேன். துறையிலும் யாரும் சொல்லவில்லை. நாகர்கோவில்காரர் ஒரு சீனியர் அண்ணன்தான் ஒப்பந்தத்தைத் திறந்து காட்டி, "இதெல்லாம் உன் இருபது மணி நேரத்துக்குள்ள வரணும்மா, மேல வரக்கூடாது" என்றார்.

அந்த இருபது மணி நேரத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஆஃபர் லெட்டரில் ஐம்பது சதவீத நியமனம் என்று இருந்தால், சராசரியாக வாரத்துக்கு 20 மணி நேர வேலை என்று பொருள். அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸ் வேலை 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சம்பளம் பெரும்பாலும் மாதத்துக்கு ஒரே தொகைதான், மணிக்கணக்கு இல்லை. பயிற்சியை எழுதி வைத்தால் கூடுதல் காசு வருமா என்றால், பல இடங்களில் வராது. அதற்குப் பதில் பேப்பர் திருத்தும் நேரத்தில் அவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுதாவிட்டால் பயிற்சியும் செய்வீர்கள், இருபது மணி நேரம் திருத்தவும் செய்வீர்கள், உங்கள் ஆராய்ச்சிதான் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தள்ளிப் போகும்.

கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. என்னென்ன வேலை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று பேராசிரியரும் டி.ஏ.வும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடுவார்கள். பயிற்சிக்கும் அதில் ஒரு வரி உண்டு. இது தானாக வந்ததில்லை, தொழிற்சங்கம் பேசி வாங்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் டி.ஏ.க்களும் ஆராய்ச்சியாளர்களுமாகச் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து, டிசம்பர் கடைசியில்தான் முடித்தார்கள். நீங்கள் போகும் இடத்தில் சங்கம் இருந்தால் அதன் ஒப்பந்தம் இணையத்தில் கிடைக்கும், விமானம் ஏறுவதற்குள் ஒருமுறை படித்துவிடுங்கள். சங்கம் இல்லாவிட்டால் கேள்வி கேட்பது ஒன்றுதான் வழி.

யாரிடம் கேட்பது? கைடிடம் வேண்டாம், அவருக்கே பல சமயம் தெரியாது. துறையில் கிராஜுவேட் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு மெயில் போடுங்கள். மூன்றே கேள்வி போதும். என் நியமனம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? பயிற்சி நாட்கள் அதற்குள் வருகின்றனவா, வராவிட்டால் அந்த நாட்களுக்குத் தனியாகப் பணம் உண்டா? செமஸ்டரில் நடக்கும் பயிற்சி என் வார நேரத்தில் சேருமா? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகம். தப்பாக நினைக்க மாட்டார்கள். போனில் கேட்காமல் மெயிலிலேயே கேளுங்கள், பதில் எழுத்தில் கையில் இருக்கும்.

அப்புறம் அமெரிக்கா போகிறவர்களுக்கான காகிதங்கள். புதிதாகப் போகிறவர்கள் வகுப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்பிருந்து கேம்பஸில் வேலை செய்யலாம், அதனால் ஆகஸ்ட் பயிற்சிக்குப் பணம் வாங்க விசா தடையில்லை. அங்கே வேலை செய்ய அனுமதி உண்டு என்று காட்டும் ஐ-9 என்ற படிவத்தில் உங்கள் பங்கை வேலையில் சேரும் முதல் நாளுக்குள் முடிக்கணும், பாஸ்போர்ட், ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) மூன்றையும் பல்கலைக்கழகத்தார் பார்த்துச் சரிபார்க்க அதிலிருந்து மூன்று வேலை நாள்தான். சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கும் அரசு அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பித்துவிட்டால், அது வரும் முன்பே வேலையைத் தொடங்கலாம். ஆனாலும் முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மாதப் பணம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சரி, பயிற்சிக்குள் என்னதான் நடக்கும்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டி.ஏ.வை ஜி.எஸ்.ஐ. (கிராஜுவேட் ஸ்டூடன்ட் இன்ஸ்ட்ரக்டர்) என்பார்கள். அங்கே முதல்முறை பாடம் எடுப்பவர்களுக்கு மூன்று கட்டாயம்: செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு மாநாடு, நெறிமுறைகள் பற்றி ஆன்லைன் பாடம், துறையிலேயே நடக்கும் கற்பித்தல் வகுப்பு. மற்ற இடங்களிலும் ஏறத்தாழ இந்தச் சாயல்தான். இவற்றோடு மைக்ரோ டீச்சிங் இருந்தால் மிகவும் நல்லது.

அந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் தெருவிலேயே ஒரு அக்கா நினைவுக்கு வரணும், பி.எட். படித்த அக்கா. 1960-களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் உடன் இருந்தவர்களும் உருவாக்கிய முறை அது, நம் பி.எட். கல்லூரிகளில் இன்றும் நடக்கிறது. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் பாடம் நடத்துவது, குறையைக் கேட்பது, மாற்றி எழுதி மறுபடி நடத்துவது. அந்த அக்காவின் பழைய நோட்டில் விளக்குதல், கிளர்வினா (பதிலைத் தோண்டி எடுக்கும் கேள்வி), வலுவூட்டல் (சரியான பதிலைப் பாராட்டி ஊக்குவிப்பது) என்று ஒவ்வொரு திறனுக்கும் பாடத்திட்டம் இருக்கும். கிளம்புவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் நின்று உங்கள் பாடத்தில் ஐந்து நிமிடம் நடத்துங்கள், ஆங்கிலத்திலேயே. போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் டி.ஏ. பயிற்சியில் நான் நடத்தியதைச் சொல்கிறேன். வேதியியலில் லிமிட்டிங் ரீஏஜென்ட், அதாவது எந்தப் பொருள் முதலில் தீர்ந்து வினையை நிறுத்துகிறதோ அது. அம்மா வீட்டில் சொல்லும் வார்த்தைதான் மனதில் வந்தது: "தூள் கெடக்கு, இலை தீந்துட்டு, இனி நாளைக்குத்தான்." தூள் எவ்வளவு மீதி இருந்தாலும் இலை எத்தனையோ அத்தனை பீடிதான். இதைப் படம் வரைந்து ஐந்து நிமிடம் விளக்கினேன். பயிற்சி கொடுத்த அம்மையார் உதாரணம் நன்றாகப் பதிந்தது என்றார். பிறகு வீடியோவைப் போட்டுக் காட்டினார். பாதி நேரத்துக்கு மேல் என் முதுகுதான் தெரிந்தது. "புரிந்ததா?" என்று நான்கு முறை கேட்டிருக்கிறேன், நான்கு முறையும் பதிலுக்கு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி நடத்தச் சொன்னார். இந்தமுறை "ஐம்பது இலை, நூறு பீடிக்குத் தூள் இருக்கிறது, இலைக்கு ஒரு பீடி, எத்தனை வரும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பின் வரிசையிலிருந்து ஒருவர் பதில் சொன்னார்.

அந்த மௌனத்துக்கு ஆராய்ச்சியே உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அது மூன்று விநாடியானபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பயிற்சியில் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: வெளிநாட்டு டி.ஏ.க்களுக்குப் பேச்சுத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. நம் உச்சரிப்பை மாற்ற வேண்டியதில்லை, வேகத்தைக் குறைத்து, முக்கியச் சொல்லை அழுத்திச் சொல்லி, அதைப் பலகையிலும் எழுதினால் போதும்.

பழக்கத்தில் ஒன்றை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போகணும். இங்கே மதிப்பெண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம், அப்பாவை வரச் சொல்லிக் காட்டுவோம். அமெரிக்காவில் 1974-ல் வந்த ஃபெர்ப்பா என்ற சட்டம் இருக்கிறது, மாணவர்களின் படிப்பு விவரங்களைக் காப்பதற்கு. கல்லூரி மாணவரின் மதிப்பெண்ணை அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோர் போனில் கேட்டாலும் டி.ஏ. சொல்லக் கூடாது, பெயரோடு பட்டியல் ஒட்டக் கூடாது. அப்படி யாராவது கேட்டால் நீங்களே சமாளிக்காமல் பேராசிரியரிடம் அனுப்பிவிடுங்கள்.

ஊரிலேயே பிஎச்.டி. பண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலானாலும், அதன்கீழ் ஏதாவது கல்லூரியிலானாலும், யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிமுறை உங்களுக்கும் பொருந்தும். எந்தத் துறையானாலும் ஆய்வாளர் தன் பாடத்தில் கற்பிக்கப் பயிற்சி பெறணும், டுடோரியல், லேப், திருத்தல் போன்றவற்றுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை வேலை கொடுக்கலாம் என்கிறது அது. வாரம் பதினைந்து மணி நேரம் யாருக்காவது பதிலாக வகுப்பெடுக்கச் சொன்னால், இந்த வரியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கைடிடம் பணிவாகப் பேசுங்கள். பேசும்போது தேதி, மணி, எந்த வகுப்பு என்று எழுதிய நோட்டும் கையில் இருக்கட்டும். என் நோட்டு பழைய பீடி பாஸ்புக் அளவில் ஒரு சின்னது. இந்த வாரப் பக்கத்தில் திங்கட்கிழமைக் கூட்டம் ஒரு மணி நேரம், லேப் பாதுகாப்புப் பாடம் நாற்பது நிமிடம் என்று ஏறியிருக்கிறது.