சைக்கிள் ஃப்ரேமுக்குள் ஓடும் கேபிளை நீங்களே மாற்றலாம்

குட்டம் தேரிப் பக்கம் ஓட்டிவிட்டு வந்த எம்டிபியை (மலைப்பாதை சைக்கிளை) பாருங்கள். ஃப்ரேமில் கேபிள் நுழைகிற துளையைச் சுற்றிச் செம்மணல் அப்பியிருக்கும். அது அவுட்டருக்குள், அதாவது கேபிளின் வெளி உறைக்குள் இறங்கினால் கியர் மாற்றும்போது கை கடுக்கும். வெளியே ஓடும் கேபிளென்றால் பத்து நிமிட வேலை. ஃப்ரேமுக்குள் ஓடுவதைத் தொடத்தான் எல்லோருக்கும் தயக்கம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பழையதை முழுசாக உருவிவிட்டுப் புதியதை நுழைக்க நினைக்காதீர்கள். பழையதுதான் வழிகாட்டி.

முதலில் கியர். கடையில் 4 மி.மீ. கியர் அவுட்டர் என்று கேட்டு வாங்குங்கள். சுருள்கம்பி வைத்த பிரேக் அவுட்டரைப் போட்டால் அது அமுங்கும், கியர் இடத்தில் விழாது.

பின் கியரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். உறைக்குள் ஓடும் இன்னர் ஒயரின் பிரிந்த நுனியைச் சுத்தமாக வெட்டுங்கள். துளைகளில் உள்ள ரப்பர் மூடிகளைக் கழற்றுங்கள். இப்போது இன்னரை ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டரிலேயே விட்டுவிட்டு, அவுட்டரை மட்டும் பின்பக்கமாக உருவுங்கள். ஒயர் ஃப்ரேமுக்குள் அப்படியே கிடக்கும். பழைய நீளத்துக்கே வெட்டிய புது அவுட்டரை அந்த ஒயரில் கோத்து, பின்னாலிருந்து முன்னால் தள்ளுங்கள். பெடல் அச்சுப் பக்கம் வளைவில் சிக்கும். அழுத்தாதீர்கள், லேசாகத் திருகிக்கொண்டே தள்ளினால் போய்விடும். பழைய அவுட்டர் மேல் ஸ்பாஞ்சு உறை இருந்தால் அதையும் மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் கல்லுப் பாதையில் உள்ளே கடகடவென்று உயிரை எடுக்கும். கடைசியாகப் பழைய இன்னரை உருவிப் புது இன்னரைப் போடுங்கள்.

கை தவறி எல்லாமே வெளியே வந்துவிட்டதா? ஒரு துளையில் தையல் நூலை விட்டு, வெளியேறும் துளையில் வேக்குவம் கிளீனரை வையுங்கள். மற்ற துளைகளை டேப் ஒட்டி அடைத்தால் நூல் வந்துவிடும். நூலில் ஒயரைக் கட்டி இழுக்கலாம்.

அப்புறம் ஹைட்ராலிக் பிரேக், அதாவது கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிப்பது. சக்கரத்தையும் பிரேக் பேடையும் முதலில் கழற்றித் தள்ளி வையுங்கள். எண்ணெய் பட்ட பேடு பிடிக்காது. பிரேக் லிவர் முனையிலும், சக்கரத்தருகே பேடை அழுத்தும் கேலிப்பர் முனையிலும் ஹோஸை (எண்ணெய்க் குழாயை) கழற்றி, பழைய ஹோஸின் முனையையும் புது ஹோஸின் முனையையும் இருபக்கமும் மரையுள்ள சின்ன இணைப்பான் ஒன்றால் சேர்த்து, ஒருவர் இழுக்க இன்னொருவர் தள்ளினால் போதும். டேப் சுற்றினால் தடித்துத் துளையில் மாட்டும். ஹோஸை வெட்டிய இடத்தில் ஆலிவும் (ஹோஸைச் சுற்றி இறுகும் சின்ன உலோக வளையம்) பார்பும் (ஹோஸ் முனைக்குள் செருகும் சின்னக் குழல்) புதிதாகவே இருக்க வேண்டும். பழைய ஆலிவ் நசுங்கியது, கசியும்.

எண்ணெயில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனியின் பல மாடல்களுக்கு டாட் (DOT) பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் சீல்கள் கெடும். டாட் பெயின்ட்டையும் அரிக்கும். லிவரில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

காற்றுக் குமிழ்களை வெளியேற்றிய பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், கேபிளோ ஹோஸோ எங்கும் விறைக்கக் கூடாது. பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியென்றால் மூட்டுப் பக்கம் கொஞ்சம் தொய்வும் வேண்டும். லிவரை அழுத்தியபடி வைத்திருந்து மெதுவாக உள்ளே போகிறதா என்று கவனியுங்கள். போனால் எங்கோ கசிகிறது. அதைச் சரிசெய்து, தெருவில் பிடித்துப் பார்த்த பிறகு பாபநாசம் மலைச்சாலை இறக்கத்துக்குப் போகலாம்.